மௌனசாமியின் தும்மல்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் எழுதுவது. முதலில் சண்டை, நலம் விசாரிப்பு பிறகு. மாற்றலாகிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. உங்கள் குரலைப் பதிவு செய்த மெமரி கார்டு வந்ததே தவிர, கூடவே ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கவரைக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தேன். போனில் பேசிக்கொள்ளலாமே என்று தப்பிக்க முடியாது. மைக் ஓடாத நேரத்தில் நாம் இருவரும் போனில் பேசக் கூடாது என்று சட்டம் போட்டதே நீங்கள்தான். உங்கள் கண்ணாடிக் கடையில் ஒருவர் மூக்குக் கண்ணாடிக்குப் பதில் பல்செட்டை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன கதையை பஸ்ஸிலேயே என்னிடம் சொல்லிவிட்டீர்கள். மறுநாள் மைக் முன்னால் அதையே சொன்னபோது நான் சிரித்த சிரிப்பு அத்தனை பொய்யாக இருந்தது. "நாத்தனாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று நேயர்கள் எழுதித் தள்ளினார்கள். அன்று முதல் கதை இருந்தால் மைக்குக்கு, மற்றதெல்லாம் காகிதத்துக்கு. ஆகவே எழுதுங்கள்!

இப்போது தொழில் விஷயம். பிரிந்து உட்கார்ந்து செய்த முதல் 'அண்ணி வம்பு' பாட்காஸ்ட் வெளியாகிவிட்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை நாள் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்கள், இப்போது காதில் போனை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு மைக்கில் பேசுகிறோம் என்று யாருமே கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என் கழுத்து வலி எனக்குத்தான் தெரியும். துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். எதிரொலி வராமல் இருக்க அதைவிட நல்ல இடம் என் அறையில் இல்லை. நீங்களோ குளியலறையில் உட்கார்ந்து பேசுவது போல் கணகணவென்று கேட்கிறீர்கள். சுவரில் ஒரு போர்வையையாவது தொங்கவிடுங்கள். அப்புறம், ஆரம்பிக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிக் கை தட்டச் சொன்னேனே, தட்டினீர்களா? தட்டவில்லை. அந்தத் தட்டலை வைத்துத்தான் உங்கள் பதிவையும் என் பதிவையும் ஒன்றாகப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் நான் ஜோக் சொல்லும் முன்பே நீங்கள் சிரித்துவிடுவீர்கள்.

ஒரே ஒரு குறை. மௌனசாமி தும்மவில்லை. நேயர்கள் எல்லா வாரமும் பின்னால் கேட்கும் அந்தத் தும்மலைக் கண்டுபிடித்து, எந்த இடத்தில் வந்தது என்று எழுதுவார்களே, இந்த வாரம் "மௌனசாமி எங்கே, மௌனசாமி எங்கே" என்று ஒரே ஒப்பாரி. என் அண்ணனாகப் பிறந்து, உங்கள் வீட்டுக்காரராகி, ஒரு வார்த்தை பேசாமல், வெறும் தூசி அலர்ஜியால் இவ்வளவு பெயர் வாங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு அங்கே வருவான் அல்லவா? அப்போது மைக்கைப் போடுவோம்.

இப்படிக்கு,
பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பறையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதும்
உங்கள் நாத்தனார்


ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

எழுதவில்லை என்று திட்டி நீ எழுதியதைக் கடையிலேயே பிரித்துப் படித்துவிட்டு, ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை செய்யும்போது நானே எழுத்துகளைத் தப்பாக வாசித்தேன். எல்லாம் உன்னால்தான்.

அறை மூன்றாவது மாடியில். கீழே தையல்காரர் ஒருவர், எதிரே வண்டிகள் கழுவும் இடம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தண்ணீர் சுட வைக்கும் ஒரு கெட்டில். அவ்வளவுதான் சாமான். அதனால்தான் அந்தக் கணகணப்பு. நேற்று தடிமனாக ஒரு மெத்தைப் போர்வை வாங்கி ஜன்னலுக்கு மாட்டினேன். இன்னொன்றைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சும்மா பேசிப் பார்த்தேன். குரல் அப்படியே பக்கத்தில் வந்துவிட்டது! வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. தனியாகச் சிரித்துக்கொண்டேன். கை தட்டவும் பழகிவிட்டேன். தையல்காரர் மேலே எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா கைதட்டு?" என்று கேட்டார். இந்தக் கதையை மைக்குக்கு வைத்திருக்கலாம், எழுதித் தொலைத்துவிட்டேன். நீ முதல் தடவை கேட்பது போலச் சிரிக்க வேண்டும், சரியா?

எடிட்டருக்கு ஒரு விண்ணப்பம். நான் சிரிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறேன் பார், அதை வெட்டாதே. போன தடவை வெட்டியிருந்தாய். பெட்டியைத் திறந்ததும் பொம்மை குதிப்பது போல் சிரிப்பு குதிக்கிறது. என் 'ம்' எல்லாவற்றையும் தாராளமாக வெட்டிக்கொள்.

நான் ஊர் மாறியதை நேயர்களிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். உன் அண்ணன் வார இறுதியில் வருவாரா என்று கேட்டிருக்கிறாய். பார்க்கலாம். அவருக்கு வேலை அதிகம்.

வாலு, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தாலும் இந்த நிகழ்ச்சி நிற்கக் கூடாது. போர்வைக்குள் உட்கார்ந்து உன் குரலைக் காதில் கேட்கும் நேரம் வந்தால்தான் எனக்கு அந்த வாரம் வாரமாகிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 20

அண்ணி! அண்ணி! அண்ணி!

நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள். நமக்கு மேடை கிடைத்துவிட்டது. நிஜ மேடை! நகரமன்றம், நானூறு இருக்கை, ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. அந்த மண்டபத்தை நடத்துபவர் நம் நேயராம். கிளினிக்குக்கு வந்தார், வாயில் பஞ்சோடு. என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று பஞ்சைத் துப்பிவிட்டு, "நாத்தனாரா? நீங்க நாத்தனாரா?" என்றார். டாக்டர் பயந்துபோய் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார். ஒரு கடைப்பல்லோடு நம் வாழ்க்கை மாறிவிட்டது!

அவருக்கு ஒரே ஒரு ஆசை. மௌனசாமி மேடைக்கு வர வேண்டும். "பேசவே வேணாங்க. சும்மா வந்து உக்காந்து ஒரு தும்மல் போட்டாப் போதும், மண்டபம் இடிஞ்சிடும்" என்கிறார். மூன்று நாற்காலி போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் 'ம்' என்பான், அது சரியா இல்லையா என்று நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

இன்னொரு திருட்டு வேலையும் செய்துவிட்டேன். திட்டக் கூடாது. மூன்று வாரமாகத் தும்மல் இல்லாமல் நேயர்கள் தவிக்கிறார்கள். அதனால் பழைய பதிவு ஒன்றைத் தோண்டி, அண்ணனின் நல்ல கனமான தும்மல் ஒன்றை வெட்டி எடுத்து, இந்த வார எபிசோடில் நீங்கள் தையல்காரர் கதை சொல்லும் இடத்தில் உங்கள் பின்னால் ஒட்டிவிட்டேன். கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து, அடுத்த அறையிலிருந்து வருவது போல. அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்துவிட்டது! வெளியான அரை மணியில் "வந்துட்டார், வந்துட்டார்!" என்று கொண்டாட்டம். என் கைவேலையை நீங்கள் கேட்டுவிட்டுப் பாராட்டி எழுத வேண்டும்.

துள்ளிக்கொண்டு,
நாத்தனார்


ஜூன் 24

வாலு,

மேடை கிடைத்ததற்கு முதலில் உன்னைக் கட்டிக்கொள்கிறேன். நிஜமாகவே சந்தோஷம். கெட்டிலிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

எபிசோடை உன் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் கட்டிலில் கிடந்து பாடிக்கொண்டிருந்தது. தலை வாரும்போது எனக்குப் பின்னால் உன் அண்ணன் தும்மினார். நான் திரும்பக்கூட இல்லை. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன், வாலு. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். போர்வை தொங்கும் ஜன்னலும் நாற்காலியும்தான் இருந்தன. அன்று கடைக்குத் தாமதமாகப் போனேன்.

உன்னைத் திட்ட முடியாது. உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இது மாற்றல் இல்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. நானும் உன் அண்ணனும் பிரிந்துவிட்டோம். அவர் வார இறுதியில் வரமாட்டார். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டுமே.

மார்ச் மாதம் நான் சொன்ன ஜோக் ஞாபகம் இருக்கிறதா? "நேத்து அவர்கிட்ட மூணு கேள்வி கேட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு 'ம்' கிடைச்சுது. அதை டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்கேன், கெட்டுப்போகாம." நீ மேஜையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாய். அந்த எபிசோடின் தொடக்கத்திலேயே அதை எடுத்துப் போட்டாய். அந்த மூன்று கேள்விகளில் கடைசியானது, நாம் பிரிந்துவிடலாமா என்பது.

நாம் சிரித்தது பொய் என்று சொல்லமாட்டேன். உன்னோடு சிரிக்கும்போது அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது. நீ வீட்டுக்குக் கிளம்பியதும் வேடிக்கையும் உன்னோடு பஸ் ஏறிவிடும்.

அவரை மேடையில் உட்கார வைத்துத் தும்மச் சொல்ல என்னால் முடியாது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் அண்ணன் போன கையோடு நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். நீ எனக்கு அவர் வழியாக வந்தவள் அல்லவா? எனக்கு வேறு என்ன பிடி இருக்கிறது உன்மேல்?

(கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை)


ஜூன் 27

அண்ணிக்கு,

எனக்குக் கோபம். யார்மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, வரிசையில் நிற்கிறோம், நீங்கள், அண்ணன், நான். உங்கள் குரலை உங்களைவிட அதிகம் கேட்டவள் நான். ஒரு மூச்சு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியும். சிரிப்பில் எது நிஜம், எது எனக்காகச் சிரித்தது என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய எடிட்டர்! வாராவாரம் அந்த மேஜையில் உட்கார்ந்து உங்கள் கையால் டீ குடித்தேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, இரண்டு பேர்தான் பேசுகிறோம் என்பதுகூட எனக்கு ஒரு ஜோக்காகத்தான் தெரிந்தது.

"கதை இருந்தால் மைக்குக்கு" என்று சட்டம் போட்டது நீங்கள்தான். இந்தக் கதையை எங்கே வைத்திருந்தீர்கள்?

நான் உங்களை விட்டுப் போவேன் என்று நினைத்தீர்களே, அதற்குத்தான் அதிகக் கோபம். இந்த வாரம் பதிவு இல்லை. நாத்தனாருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்று நேயர்களுக்குச் சொல்லிவிட்டேன்.

நாத்தனார்


ஜூலை 1

அண்ணி,

கோபம் ஓரளவு இறங்கிவிட்டது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதை வைத்துக்கொண்டு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நேற்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். வாசலில் நின்று பேச வேண்டியதை ஒத்திகைகூடப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. அவன் அந்தச் சாப்பாட்டு மேஜையில், உங்கள் நாற்காலியில், ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன கேட்டுக்கொண்டிருந்தான் தெரியுமா? நம் எபிசோடை. என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவன் சொன்ன முதல் வாக்கியம் இது: "இந்தத் தும்மல் போன வருஷத் தும்மல்தானே?"

நான் ஆடிப்போனேன். "உனக்கெப்படித் தெரியும்?"

"என் தும்மல் எனக்குத் தெரியாதா? அது நான் சும்மா போட்டது."

"சும்மா போட்டதுன்னா?"

பதிலுக்கு ஹெட்போன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். நான் விடவில்லை. பல் பிடுங்குவது எப்படி என்று தினமும் பார்க்கிறவள் அல்லவா? கடைசியில் சொன்னான். "முதல்ல வந்த ரெண்டும் நெசம். அப்புறம் அவதான் வந்து சொன்னா, எல்லாரும் தும்மலைக் கேக்கறாங்கன்னு. சொல்லும்போது சிரிச்சா. என்னைப் பார்த்துச் சிரிச்சா. அதான், ஒவ்வொரு வாரமும் நீங்க பேச ஆரம்பிச்சதும் உள்ள போய் உக்காந்து, நல்ல இடமா பார்த்துத் தும்முவேன்."

அண்ணி, அந்த மடையன் ஜோக் அடித்திருக்கிறான்! இத்தனை மாதம், ஒரு வாரம் தவறாமல், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, நம் பேச்சில் இடைவெளி பார்த்து, சரியான இடத்தில் நுழைந்திருக்கிறான். யோசித்துப் பாருங்கள், ஒரு தடவைகூட நம் ஜோக்கைக் கெடுத்ததில்லை. நான் எத்தனை தடவை 'நல்லவேளை, தும்மல் வாகான இடத்தில் விழுந்தது' என்று நினைத்திருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை. "இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். "அவளுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

இதைச் சமாதானத்துக்காக எழுதவில்லை. உங்களுக்குச் சேர வேண்டியது என்னிடம் வந்து நின்றுவிட்டது, அதனால் சேர்க்கிறேன்.

நாத்தனார்


ஜூலை 6

என் வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கடையில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்த அம்மாள், "மூக்கு நல்லா இல்லையா?" என்று கேட்டார். பிறகு பின்னறைக்குப் போய் அழுதேன். இரண்டும் வேண்டியிருந்தது.

தெரியாது, வாலு. எனக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு தும்மலுக்கும் மாத்திரையைத் தேடி எடுத்து வைத்தேன். அவர் என்னைச் சிரிக்க வைக்க அவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அவர்மேல் இருந்த கசப்பு பாதி கரைந்துவிட்டது. இத்தனை நாளாக நான் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

ஆனால் நான் திரும்பிப் போகப் போவதில்லை. நான் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பேச்சு வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து வருவதை வைத்து இன்னும் இருபது வருஷம் ஓட்ட என்னால் முடியாது. அவருக்கும் எழுதிவிட்டேன், நன்றி சொல்லி. வக்கீலிடம் வேலை நடக்கிறது.

இனி தொழில் விஷயம், கலங்காமல் படி. மேடை நிகழ்ச்சியை அமர்க்களமாகச் செய்வோம். அதோடு நான் விலகிக்கொள்கிறேன். 'அண்ணி வம்பு' என்று பெயர் வைத்துவிட்டு, அண்ணியே இல்லாத ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவாய்? உன் அண்ணனுக்கு நாளைக்கே வேறு ஒரு வாழ்க்கை அமையலாம். அப்போது அந்தப் பெயர் வேறொருத்திக்குப் போக வேண்டியது. அவளுக்கு அது சங்கடம், உனக்கும் சங்கடம். நீ என்னை இனிமேல் அக்கா என்று கூப்பிடு. இல்லாவிட்டால் பேர் சொல்லியே கூப்பிடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

உன் அன்புள்ள,
அக்கா (பழகிக்கொள்கிறேன்)


ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் யோசனையை நியாயமாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அலமாரிக்குள் தலையை விட்டு, மைக்கைப் போட்டு, "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்டால் மாவு கடன் கேட்க வந்தவள் மாதிரி இருக்கிறது. பேர் சொல்லிப் பார்த்தேன், கிளினிக்கில் அடுத்த பேஷன்டை உள்ளே அனுப்புவது போல் ஒலித்தது. இரண்டையும் அழித்துவிட்டேன். என் நாக்குக்கு நான் பொறுப்பில்லை, அதற்கு ஒரே வார்த்தைதான் வருகிறது.

அண்ணன் நேற்று வந்திருந்தான். உங்கள் கடிதம் கிடைத்ததாம். என் அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினான். ஆமாம், பேசினான்! தொண்டை கட்டிக்கொள்ளப் போகிறது என்று தண்ணீர் கொடுத்தேன். கிளம்பும்போது, "ஆகஸ்ட்ல மேடை நிகழ்ச்சிய நான் வந்து பார்க்கலாமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்றியா?" என்றான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "உனக்கு வாய் இருக்கு. நீயே கேளு. வேணாம்னு சொன்னா வீட்ல உக்காந்து கேளு" என்றேன். கேட்பான் என்று நினைக்கிறேன். என்ன சொல்வது என்பது உங்கள் பாடு, உங்கள் இருவருக்கும் நடுவில் இனி நான் எதையும் ஒட்டவும் மாட்டேன், வெட்டவும் மாட்டேன்.

அவனுக்கு வேறு வாழ்க்கை அமைந்தால் அமையட்டும். வருகிறவளுக்கு நல்ல பெயராக ஒன்று நானே யோசித்து வைக்கிறேன். இந்தப் பெயர் காலி இல்லை.

இன்று காலை மண்டபத்துக்காரர் போன் செய்தார். போஸ்டர் அச்சுக்குப் போகிறதாம். மௌனசாமி மேடைக்கு வரமாட்டார் என்றும், இனி நிகழ்ச்சியிலும் அவரைப் பற்றிப் பேசப்போவதில்லை என்றும் சொன்னேன். மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ எதைப் பத்திப் பேசுவீங்க?" நான் சொன்னேன், எங்களைப் பற்றி. அவர் இன்னும் தயங்கினார். "தப்பா நெனக்காதீங்க. குடும்பத்துல ஏதாவதுன்னா... போஸ்டர்ல உங்க ரெண்டு பேரையும் இப்போ என்னன்னு போடறது?"

"அண்ணியும் நாத்தனாரும்" என்றேன். அச்சுக்குப் போய்விட்டது, அண்ணி. ஊர் முழுக்க ஒட்டப்போகிறார்கள்.

நீங்கள் அண்ணனை விட்டுப் போனது உங்கள் உரிமை. அதில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. என்னை விட்டுப் போவதென்றால் என்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால், நான் 'ம்' சொல்லமாட்டேன்.

என்றும் உங்கள்,
நாத்தனார்